பாப்பா போட்ட கும்பிடு

அன்புள்ள உங்களுக்கு,

பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் போனில் எழுதி அனுப்புகிறேன். பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இப்போது என் மடியில் தூங்குகிறாள்.

தூங்கி எழுந்ததும் தலையைக் கவிழ்த்து, இரண்டு கையையும் விரித்து, மறுபடி மறுபடி குனிவாளே, அது வலிப்பாம். "வலிப்புன்னா கை கால் வெட்டி நுரை தள்ளணும்னு இல்லம்மா. கைக்குழந்தைக்கு இப்படியும் வரும்" என்றார் டாக்டர். தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்ததிலும் அதுதான் தெரிந்ததாம். நாளைக் காலை முதல் ஊசி.

நாம் அதற்குக் கும்பிடு என்று பெயர் வைத்தோம். வீடியோ அனுப்பும்போதெல்லாம், "எம்பொண்ணு அப்பாவுக்கு மட்டும்தான் கும்பிடு போடுவா, உனக்கெல்லாம் போட மாட்டா. இன்னொரு தடவை போடச் சொல்லுடி" என்பீர்கள். உங்களுக்காக நல்ல தூக்கத்தில் இருந்தவளை எழுப்பி எழுப்பி எடுத்தேன்.

அவள் சிரிப்பதை நிறுத்தியபோது, பல் முளைக்கிறது என்று சொன்னதும் நான்தான்.

சீக்கிரம் வைத்தியம் ஆரம்பித்தால் வளர்ச்சி கெடாமல் காப்பாற்றலாம், ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். "ஒரு வாரமாத்தான் சார்" என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார்.

என் போனில் அந்த வீடியோக்களைத் திறக்கக் கை வரவில்லை. நான் அனுப்பிய முதல் வீடியோ உங்களிடம் இருக்கும். அதன் தேதியைப் பார்த்து, ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அந்தத் தேதியை என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகளின் அம்மா