ஹேண்டில் திரும்பும் அளவுக்கு ஒயர்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இன்று இரண்டு முறை நின்றது. இரண்டாம் முறை உள்ளே மாட்டிக்கொண்டவர் எலும்பு டாக்டர். வெளியே வந்ததும் எலெக்ட்ரீஷியனான என்னைப் பார்த்து, "கரன்ட் சார், நீங்க டூட்டில இருக்கும்போதே இப்படியா?" என்றார். நான் டூட்டியில் இருந்ததால்தான் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார் என்று சொல்லவில்லை. சொல்வதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. மனைவி கேட்டிருந்த, வழி காட்டும் ஜிபிஎஸ் வந்துவிட்டது. உள்ளங்கை அளவு திரை, அதைப் பைக்கில் மாட்டவும் கழற்றவும் ஒரு ஸ்டாண்டு, இரண்டு மீட்டர் ஒயர். "ஞாயித்துக்கிழமை போட்டுக் குடுத்துடுறீங்களா?" என்றாள். சரி என்றேன்.

இருபத்தொன்பதாம் தேதி கிளம்புகிறாள். தனியாக, மூன்று வாரம். நெடும்பயணத்துக்கென்றே செய்த அந்தப் பெரிய பைக்கை இந்த வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் அவள் மட்டும்தான். எனக்குப் பின்சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே முதுகு பிடித்துக்கொள்ளும்.

மார்ச் 8, ஞாயிறு

போடவில்லை. கூட வந்த ஃபியூஸ் சரியில்லை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே நல்லதாக ஒன்று வைக்க வேண்டும் என்று சொன்னேன். உண்மைதான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். வேலையை விட்ட அன்று சொன்னாள்: "ஊர்ல பாதிப் பேரு நான் சொல்லிக்குடுத்துதான் ஓட்டுறாங்க. அவங்க எங்கெங்கயோ போயிட்டாங்க. நான் அதே நாலு தெருவைச் சுத்திக்கிட்டிருக்கேன்." நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அடுத்த மாதமே அந்தப் பைக் வீட்டு வாசலில் நின்றது.

மார்ச் 11, புதன்

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் இல்லை. எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று பார்க்கத்தான் அந்த ஜிபிஎஸ் பெட்டியை இயக்கினேன் — பார்க்கத்தானா? சரி, எதற்கோ.

பதினேழு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறாள். ஒரு கலங்கரை விளக்கம், இரண்டு மலைப்பாதை, பள்ளித் தோழி வீடு, பெயர்கூடக் கேள்விப்படாத ஏதோ ஓர் ஏரி. பட்டியலுக்கு மேலே 'வீடு' என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால், 'இன்னும் குறிக்கப்படவில்லை' என்று வருகிறது.

பதினேழு இடம் குறிக்க நேரம் இருந்திருக்கிறது. இதற்கு இல்லையா?

அணைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

என்ஜின் சூட்டில் ஒயர் உருகிவிடும், மேலே போட நல்ல ஸ்லீவ் வேண்டும் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு ரிலே. சாவியை எடுத்தால் ஜிபிஎஸ்ஸும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும், அதற்கு ரிலே வேண்டும் என்று விளக்கினேன். நான் இதுவரை சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. எல்லாவற்றையும் சேர்த்தால் முழுப்பொய்.

"ஆபரேஷன் தியேட்டர்ல லைட்டே போனப்போ இருபது நிமிஷத்துல சரி பண்ணவர் நீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

அவள் போகட்டும் என்றுதான் நினைக்கிறேன். போனவள் அங்கேயே எங்கேயாவது நன்றாக இருக்கிறது என்று தங்கிவிட்டால்? இத்தனை வருடத்தில் அவளை எங்கே கூட்டிப்போனேன்? கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி. லிஃப்ட் நின்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியவன். திரும்பி வருவதற்கு அவளுக்கு நான் என்ன காரணம் கொடுத்திருக்கிறேன்?

மார்ச் 27, வெள்ளி

மச்சினன் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறான். காருக்குள் ஸ்பீக்கர் மாட்டும் கடை வைத்திருப்பவன். அவள் கூப்பிட்டிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது கை கழுவிக்கொண்டிருந்தான். "இதுக்கா மாமா மூணு வாரம்? அக்கா தண்ணி கொண்டாரதுக்குள்ள முடிச்சுட்டேன்" என்றான். அவள் எனக்கு முகம் கொடுக்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நன்றாக மூக்கு உடைந்தது.

மார்ச் 28, சனி

காலையில் பார்க்காமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

ஹெட்லைட் ஒயரை வெட்டி அதிலிருந்தே கரன்ட் எடுத்திருக்கிறான். ஃபியூஸ் கிடையாது. அந்த ஒயரைப் போகும் வழியில் ஆக்ஸிலேட்டர் கேபிளோடு சேர்த்து இறுக்கி டேப் சுற்றியிருக்கிறான். என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். ஒயர் விறைத்துக் கேபிளை இழுக்க, நான் தொடாமலேயே என்ஜின் உறுமியது. மலைப்பாதை வளைவில், மெதுவாகத் திருப்ப வேண்டிய இடத்தில், பைக் தானாகவே பாய்ந்திருக்கும்.

அவன்மேல் கோபம் வரவில்லை. நான் மூன்று வாரம் இழுத்ததால்தானே அவன் வந்தான்.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு லீவ் சொன்னேன். சத்தம் கேட்டு வெளியே வந்தவள் தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கிளம்பணும்ங்க."

"கிளம்பலாம். இந்த டேங்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

பிடித்தாள். சீட்டுக்கு அடியில் பேட்டரி, பக்கத்திலேயே ஃபியூஸ், அதையொட்டி ரிலே. ஒயருக்கு ஸ்லீவ் போட்டு, டேங்குக்குக் கீழே சட்டத்தை ஒட்டிக் கொண்டுவந்தேன். எந்தக் கேபிளையும் தொடவில்லை. ஹேண்டில் கழுத்துப் பக்கம் மட்டும் இறுக்காமல் ஒரு சுற்று தொங்கலாக விட்டேன். முனையில் சாக்கெட். பெட்டியைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் புகாமல் இருக்க, சாக்கெட் வாய்க்கு ஒரு ரப்பர் மூடி. எல்லாம் அலமாரியில்தான் இருந்தன. ஃபியூஸ், ஸ்லீவ், ரிலே, எல்லாம்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இடப்பக்கம் திருப்பு. இப்போ வலப்பக்கம்."

திருப்பினாள். ஒயர் கூடவே போய்வந்தது. என்ஜின் ஒரே சீராக ஓடியது.

"வேணும்னுதான் இழுத்தடிச்சேன்" என்றேன்.

"தெரியும். ஸ்லீவ்லயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"இன்னும் எத்தனை காரணம் கைல வெச்சிருக்கீங்கன்னு பாத்தேன்."

வீட்டுக் கட்டத்தைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவள் கை கழுவப் போன நேரத்தில் பெட்டியை இயக்கி, 'வீடு' கட்டத்தில் நம் தெருவையும் கதவு எண்ணையும் நானே போட்டுவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஆறரைக்குக் கிளம்பினாள். தெருமுனையில் திரும்பும்போது அவளைப் பார்க்கவில்லை, ஹேண்டிலைத்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

போன் செய்தாள். கலங்கரை விளக்கம் பார்த்தாளாம், ஏறி இறங்கியதில் முழங்கால் கெஞ்சுகிறதாம். குரல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த புதிதில் இருந்த மாதிரி இருந்தது.

"இதுல வீடுன்னு போட்டது நீங்களா?"

"ஆமா. சும்மா."

"அழிச்சுட்டேன்."

ஏன் என்று கேட்பதற்குள் மழை வருகிறது, கிளம்புகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

அழிச்சுட்டேன் என்றால் என்ன அர்த்தம்? ஒரு பொத்தானை அமுக்கினாள், அவ்வளவுதான். அவ்வளவுதானா?

ஏப்ரல் 9, வியாழன்

ஒருத்திக்குச் சமைக்கத் தெரியாதவன் தனக்கும் சமைக்கத் தெரியாதவனாகத்தான் இருக்கிறான். இன்றும் கடை ரொட்டிதான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

நேற்றும் இன்றும் போன் வரவில்லை. லிஃப்ட் நிற்கவில்லை. நின்றிருந்தால் பொழுதாவது போயிருக்கும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாலு மணிக்குச் சத்தம் கேட்டது. தெரு முழுக்க பைக் ஓடினாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

முகம் கறுத்து, உதடு வெடித்து, இறங்கும்போது கால் விறைத்துப் போய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் ஹேண்டிலைப் பார்த்தேன். ஸ்டாண்டு காலியாக இருந்தது. சாக்கெட் வாயில் ரப்பர் மூடி.

"பெட்டி எங்க? தொலைச்சுட்டியா?"

"பைல இருக்கு. நேத்து காலைல பெரிய ஆத்துப் பாலத்துக்கிட்ட கழட்டினேன்."

"அங்கருந்து முந்நூறு கிலோமீட்டர் இருக்குமே. ஒயர்ல ஏதாவது கோளாறா?"

"ஒயர் நல்லாத்தான் இருக்கு." ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தாள். "தெரியாத இடத்துக்குத்தாங்க அது. வீட்டுக்கு வர்றதுக்குமா ஒரு பெட்டியைக் கேட்டுக்கிட்டு வரணும்?"

பதினெட்டு நாள் அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு செத்துப் பிழைத்ததை அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மார்ச் பதினொன்றாம் தேதி மதியம் பெட்டியை இயக்கிப் பார்த்தது உட்பட.

"இதை அன்னைக்கே கேட்டிருந்தா, ஒயர் வேலை ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் வாசலிலேயே நின்று ஹேண்டிலை ஒருமுறை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன். விட்ட தொங்கல் விட்டபடியே இருந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது, ஒயரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உள்ளே வாருங்கள் என்று.