நான்கு காலி வட்டங்கள்

என் அன்பு வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அவளுக்கு முழங்கால் வலி இருக்கிறது, எனக்கு அவள் இருக்கிறாள், மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ தரையிலும் ஆகாயத்திலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஓயாத நினைப்பு. தோளில் இத்தனை பட்டை வாங்கின அதிகாரியை இன்னும் வாண்டு என்றா கூப்பிடுவது என்று உன் அம்மா கேட்டாள், ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், நீயும் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

உனக்கு இரண்டாவது வீரப்பதக்கம் என்று பேப்பரில் வந்ததை முதலில் பார்த்தது நம் பிரேம் கடைக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடைக்காரர்தான். இருமிக்கொண்டு நின்ற ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, தெருவே கேட்க வாசித்தார். எதிரி சுட்டுக்கொண்டிருந்த பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டரை இறக்கி, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, மிச்சம் இருந்தவர்களுக்காக மறுபடியும் போய் இறங்கினாய் என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ போன் பண்ணி, இங்க ஒரே மழைப்பா, வேலையே இல்ல, தூங்கித் தூங்கி மூஞ்சியே வீங்கிப்போச்சு என்றாய். நானும் நம்பி, ரொம்பத் தூங்காதே உடம்பு போட்டுவிடும் என்று புத்தி சொன்னேன். இப்படி ஒரு அறிவாளி அப்பா கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும். முதல் பதக்கம் பனிமலையில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கி வந்ததற்கு, அது காற்றோடு போட்ட சண்டை என்று ஒருமாதிரி மனசைத் தேற்றிக்கொண்டேன். இது துப்பாக்கிக் குண்டு. இதற்கு எப்படித் தேற்றிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி வெட்ட உட்கார்ந்தால் மேலே ஏதோ சத்தம் கேட்கிறது, எழுந்து தெருவுக்கு ஓடுகிறேன், பார்த்தால் பயணிகள் விமானம், அதில் யாரோ நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டு போகிறார்கள். போன வாரம் ஒரு கல்யாணப் படத்தில் கொக்கியைக் கீழ்ப்பக்கம் அடித்துக் கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளை தலைகீழாகத் தொங்குகிறார் என்று திரும்பிக் கொண்டுவந்தார்கள். எப்படியும் தொங்கத்தானே போகிறார் என்றேன், பெண்வீட்டார் மட்டும் சிரித்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். முதல் பதக்கத்தை நீ என் கையில் கொடுத்து, உங்க கடையிலேயே பிரேம் போட்டு வச்சுக்கங்கப்பா என்றாய் இல்லையா, என் தொழில் புத்தி உனக்குத் தெரியும். குடும்பப் படம் பிரேம் போட வந்தால், இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சேர்த்து அட்டையில் ஒரு இடம் வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன், பிறகு அவர்கள் வேறு கடைக்குப் போக முடியாது. அதே கெட்டிக்காரத்தனத்தில் உன் பதக்கத்துக்கும் நல்ல தேக்குச் சட்டம், நீல வெல்வெட், ஆறு வட்டம் வெட்டி, ஒன்றில் அதை வைத்து மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் ஆஹா என்றார்கள். இந்தத் தடவை நீ அனுப்பிவைத்த இரண்டாவது பதக்கத்தையும் பதித்த அன்று மருந்துக்கடைக்காரர் தட்டிக்கொடுத்து, இன்னும் நாலுதான் பாக்கி, பாப்பா ரிடையர் ஆகறதுக்குள்ள ரொப்பிடும் என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சாப்பாட்டுக் கூடையோடு வந்த உன் அம்மா அதைக் கேட்டுவிட்டாள். கூடையை வைத்துவிட்டு, அந்த நாலு வட்டம் எதுக்குங்க வெட்டி வச்சிருக்கீங்க, அவ இன்னும் நாலு தடவை அந்த மாதிரி போய்ட்டு வரணுமா, எல்லாத் தடவையும் வருவாளா என்று கேட்டாள். கத்தவில்லை, அதுதான் தாங்கவில்லை. தினமும் தூசி தட்டிய பிரேம், அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

இதற்கு நடுவில் ஒரு பஸ் டிரைவர் கடையைத் தேடி வந்தார். மறுபடியும் போய் இறங்கி நீ ஏற்றிவந்தவர்களில் ஒருவன் அவர் பையனாம், ஊன்றுகோலோடு நிற்கிற படத்தை பிரேம் போடக் கொண்டுவந்தார். நல்லா இருக்கணுங்க உங்க பொண்ணு என்று மட்டும் சொன்னார், அப்புறம் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அந்த மனிதர் முன்னால் நின்று, இனிமேல் என் மகளை அனுப்பமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? வராது. ஆனால் உன்னிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கப் போவதா, திரும்ப எல்லைக்கே போவதா என்று மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீங்க என்னப்பா சொல்றீங்க என்று நீ கேட்டபோது, உன் இஷ்டம்மா, நாட்டுக்குத்தானே என்று முழங்கினேனே, அப்போது மருந்துக்கடைக்காரர் என் பக்கத்தில் நின்றார், வாண்டு. அவர் இல்லாமல் இப்போது சொல்கிறேன். பள்ளிக்குப் போ. நீ இறங்கின மாதிரி இறங்க இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடு. அப்பா பயந்தாங்கொள்ளி என்று அவர்களிடம் சொல்லிச் சிரித்தாலும் பரவாயில்லை.

நேற்று பிரேமைக் கழற்றி, காலி வட்டம் நாலும் போகும்படி ரம்பம் போட்டேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு கோணலாக நான் அறுத்ததில்லை, ஒரு மூலையில் விரல் நுழைகிற சந்து விழுந்துவிட்டது, மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன். இப்போது இரண்டு பதக்கம், இரண்டு வட்டம், அவ்வளவுதான். என் பேச்சைக் கேட்காமல் நீ எல்லைக்கே போனாலும் நீ என் மகள்தான், மூன்றாவது ஒன்று வந்தால் புதுச் சட்டம் அறுத்துப் பெருமையோடு மாட்டுவேன். ஆனால் முன்கூட்டியே இடம் வெட்டி வைக்க மாட்டேன். அதை நீயே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்து நிற்க வேண்டும், அப்புறம்தான் அளவே எடுப்பேன்.

நீ நீடூழி வாழ வேண்டும், உன் கையும் கண்ணும் உன்னோடு வரும் எல்லாரையும் பத்திரமாகத் தரை சேர்க்க வேண்டும். மழை என்று இனிமேல் பொய் சொல்லாதே, அம்மா டிவியில் உங்கள் பக்கத்து வானிலை பார்க்கப் பழகிவிட்டாள்.

வாசலைப் பார்த்துக்கொண்டு,
உன் பிரேம்கடை அப்பா