பூசையில் வைத்த துவக்கு

போன கிழமை மல்கிரேவில் மகள் வீட்டில் ஆயுத பூசை. மருமகன் தன்னுடைய வேலைச் சாமான்களையெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, கும்பத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார். சந்தனமும் இயந்திர எண்ணெயும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வயசுக் கோளாறு என்று நினைத்துப் பிள்ளைகள் விசிறியைப் போட்டுவிட்டார்கள். வயசும் இல்லை, கோளாறும் இல்லை. அந்த மணத்தை நானும் நீங்களும் ஒருநாள் ஒன்றாக முகர்ந்திருக்கிறோம். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பீர்கள், அதோடு எனக்குச் சரியாகியிருக்கும். அதற்கு நீங்கள் இல்லாதபடியால் எழுதுகிறேன்.

சிட்னியில், பரமட்டாவில் நாங்கள் வேலை செய்த கடையை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். எழுபதுகளின் கடைசிப் பகுதி அது. கடையின் முன்பக்கம் கிரிக்கெட் மட்டை, டென்னிஸ் பந்து, நீச்சல் உடுப்பு. பின்பக்கம் துவக்கு. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வந்தவர்கள் போகிற போக்கில் ஒரு பெட்டி தோட்டாவும் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் முன்னால் காசு மேசையில் இருந்தேன், நீங்கள் பின்னால் துவக்கு மேசையில் நின்றீர்கள். ஊரில் பெற்ற பட்டத்தை இங்கே ஒருவரும் சீந்தாதபடியால் கிடைத்த வேலை அது. துவக்கில் உங்களுக்கு ஒரு ஆசையும் இருக்கவில்லை. காகத்துக்குக்கூடக் கல்லெறிந்து அறியாத ஆள் நீங்கள். ஆனால் வெள்ளைக்கார முதலாளி முதல்நாள் சொல்லித் தந்ததை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். யார் துவக்கைத் தந்தாலும் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்புவது, தோட்டா போடுகிற பின்பூட்டை இழுத்துத் திறப்பது, கண்ணால் பார்ப்பது, பிறகு சின்னவிரலை உள்ளே விட்டும் பார்ப்பது. கண்முன்னே திறந்து காட்டிவிட்டுத் தந்தாலும் நீங்கள் மறுபடி திறப்பீர்கள். இதற்காகவே உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேர்.

அந்த மேசைக்கு வந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சீ என்று வருகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுடைய கதைகளை நீங்கள் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லிக் காட்டுவீர்கள். அதனால் என் நினைவில் அந்த வெள்ளைக்காரர் எல்லோரும் நம் ஊர்ப் பேச்சுத்தான் பேசுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வசனம் இருந்தது. குழலை நேரே உங்கள் நெஞ்சுக்கு நீட்டியபடி, "பயப்பிடாதை மச்சான், குண்டு இல்லை" என்பார்கள்.

தோட்டா மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் குழலின் வாய்க்குள் கண்ணை வைத்தவன் ஒருவன். விரல் விசையில் இருந்தது. தனக்கு வெளிச்சம் போதவில்லை என்று மனைவியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான், அவளும் குனிந்து பார்த்தாள். இன்னொருவன் துவக்கின் தொலைநோக்கி பழுது என்று சண்டைக்கு வந்தான். கங்காரு கண்ணாடிக்குள் நடு மையமாகத் தெரிந்ததாம், சுட்டால் படவில்லையாம். நீங்கள் பொறுமையாக விசாரித்ததில் கதை வெளியே வந்தது. காரின் முன்மூடியில் துவக்கைச் சாய்த்து வைத்துக் குறி பார்த்திருக்கிறான். மேலே இருந்த தொலைநோக்கிக்குக் கங்காரு தெரிந்தது, கீழே இருந்த குழலுக்குத் தெரிந்தது அவனுடைய கார்தான். சொந்தக் காரைச் சுட்டுவிட்டு, கண்ணாடிக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டான். நான் காசு மேசைக்குப் பின்னால் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

ஆனால் அந்தத் தள்ளுவண்டில்காரன் வந்த நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைக் குழந்தையைப் பிள்ளை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தான். எவ்வளவு நல்ல தகப்பன் என்று நினைத்தேன். உங்கள் மேசைக்குப் போய்க் குழந்தையை ஒரு பக்கம் உருட்டிவிட்டு, அதன் போர்வைக்கு அடியிலிருந்து இரட்டைக்குழல் துவக்கை இழுத்து எடுத்தான். பிடியில் குழந்தை கக்கிய பால் காய்ந்து கிடந்தது. "குண்டு இல்லை" என்று அவனும் சொன்னான். நீங்கள் திறந்தீர்கள். இரண்டு குழலிலும் தோட்டா இருந்தது. அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு, "பிள்ளைதான் போட்டிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தான். நீங்கள் துவக்கைத் திருப்பிக் கொடுக்காமல் முதலாளியைக் கூப்பிட்டீர்கள். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. "குண்டு இல்லை எண்டு ஆரும் சொல்லட்டும். நாங்கள் திறந்து பாக்கும்வரைக்கும் இருக்குத்தான்" என்றீர்கள். அதை உங்கள் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

இந்தப் பைத்தியமெல்லாம் வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியது என்று நான் ஒரு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுக்க என் அண்ணாவே வந்தார். அண்ணா டாக்டர். வெஸ்ட்மீட்டில் வீடு வாங்கி, அண்ணியோடும் பிள்ளைகளோடும் இருந்தார், நானும் அவர்களோடுதான் இருந்தேன். டாக்டரின் தங்கச்சி கடையில் காசு வாங்குகிறாள் என்பதே அவருக்குப் பெரிய மானக்கேடு. அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை அகலமான தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்து நின்றார். ஒவ்வொரு துவக்காக வாங்கி, குடையை இடுக்குவது போலக் கக்கத்தில் இடுக்கிப் பார்த்தார். கடைசியில், "தம்பி, படத்திலை எடுப்பாத் தெரியிறது எது?" என்று கேட்டார். உங்கள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "இது நீளம் அண்ணை" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள்.

அந்தப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணா ஒரு காலைக் கங்காருவின் மேல் வைத்துத் துவக்கோடு நிற்கிறார். அவர் ஒரு கங்காருவையும் சுடவில்லை. அது தெருவில் காரில் அடிபட்டு முதல்நாளே செத்துக் கிடந்தது. படத்தில் இடக்கை முதுகுக்குப் பின்னால் இருப்பது ஒய்யாரத்துக்கு அல்ல, மூக்கைப் பொத்திய லேஞ்சித் துணியை மறைக்க. படம் பிடித்தது நான்தான், நாற்றம் தாங்காமல் சத்தி எடுத்ததும் நான்தான். அந்தப் படம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினா.

உங்களைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்னபோது அண்ணா கடைப் பெடியன் என்று ஏளனம் செய்தார். ஆனால் நான் விடவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்து, "ஆயுத பூசைக்கு வரச்சொல்லு. பூசை முடிய இருந்து பேசுவம்" என்றார். அந்த ஒரு பேச்சில் எங்கள் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது என்பது உங்களுக்கும் தெரியும். யாரிடமோ இரவல் வாங்கிய பட்டு வேட்டியோடு வந்தீர்கள், அது கணுக்காலுக்கு மேலே நின்றது.

கும்பத்துக்கு முன்னால் சிவப்புப் பட்டை விரித்து, நட்ட நடுவில் துவக்கைக் கிடத்தியிருந்தார்கள். நோயாளிகளைக் காப்பாற்றுகிற சாமான்களெல்லாம் ஒரு ஓரமாகக் கிடந்தன. துவக்குக்கு எண்ணெய் பூசி, மேலே சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, வீட்டுப் பின்வளவில் பூத்த பூக்களால் மாலையும் கட்டிப் போட்டிருந்தார்கள். மாலையின் நூல் விசையைச் சுற்றிப் போயிருந்தது. "குண்டு இல்லை, ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை" என்று அண்ணா வாசலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். குழல் பெண்கள் இருந்த பக்கம் பார்த்தது. அங்கே நான் அண்ணாவின் கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தோத்திரம் பாடத் தொடங்கியதும் அவள் எட்டி எட்டி அந்த மாலைப் பூவைப் பிடுங்கினாள். நான் கையைத் தட்டிவிடுவேன், அவள் மறுபடியும் எட்டுவாள்.

நீங்கள் அண்ணாவின் காதருகே குனிந்து, "அண்ணை, உந்தத் துவக்கை ஒருக்காத் திறந்து பாக்கட்டே?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அண்ணா கண்ணைத் திறக்கவில்லை. "பூசைக்கு வைச்சதை இப்ப தொடக்கூடாது. நாளைக்கு எடுக்கலாம்" என்றார். நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அதைத் தொட்டால் என்ன போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது, உங்கள் முகத்தில் நான் அதைக் கண்டேன். சின்னவள் மாலையை மறுபடி பிடித்தாள். நீங்கள் எழும்பி வந்து, அவள் விரலை விலக்கி, துவக்கைத் தூக்கிக் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பினீர்கள். சந்தனத்தில் கை வழுக்கியது. பின்பூட்டை இழுத்தீர்கள். தோட்டா ஒன்று துள்ளி, படையல் கடலைத் தட்டத்தில் விழுந்தது.

பாட்டு நின்றுபோனது. "அண்ணை, குண்டு இருக்கு" என்றீர்கள், அவ்வளவுதான்.

"இருக்குத்தான். வெறும் துவக்கை வைச்சு ஆரும் கும்பிடுவினமே? நான்தான் ஒண்டு போட்டு வைச்சனான்."

"வாசலிலை இல்லை எண்டு சொன்னியள்."

"பெண்டுகள் பயப்பிடும் எண்டு சொன்னனான். பூசைச் சாமானிலை கைவைக்க நீ ஆர்? உனக்கு என்ரை தங்கச்சியைத் தரவோ? வெளியிலை போ."

வந்திருந்தவர்களில் ஒருவராவது அந்தத் தோட்டாவைப் பற்றிப் பேசுவார்கள் என்று பார்த்தேன். வயது போன அங்கிள் ஒருவர், "தம்பி, பூசை முடியுமட்டும் பொறுத்திருக்கலாம்" என்றார். அன்ரிமார் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அண்ணி கடலைக்குள் விரலை விட்டுத் தோட்டாவை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, பக்குவமாகக் கும்பத்தடியில் வைத்தா. பிறகு அதே கடலையை அள்ளி எல்லோருக்கும் கொடுத்தா, எல்லோரும் சாப்பிட்டார்கள். காலில் போட்ட செருப்பைக் கும்பத்தடியில் வைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்திராது. சின்னவளைத் தூக்கி அண்ணியிடம் கொடுத்து, "இவளைப் பிடியுங்கோ. பூவுக்குக் கிட்ட விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, உங்களுக்குப் பின்னால் வெளியே வந்தேன்.

ரயில் மேடையில் நீங்கள் லேஞ்சியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். எண்ணெயும் சந்தனமும் போக மறுத்தன. "கலியாணப் பேச்சுப் போச்சு" என்று நான் அழுதேன். "பேச்சுப் போகட்டும். நீர் இருக்கிறீர் தானே" என்றீர்கள். அந்தக் குழல் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கையைப் பிடித்தேன், பிசுபிசுத்தது.

கலியாணப் பதிவுக் கந்தோரில் கடை முதலாளியும் அவருடைய மனைவியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணா வரவில்லை. பேச்சு வார்த்தை திரும்பி வர வருசக்கணக்காகியது. வந்த பிறகும் அந்தக் கதையை அவர் விடவில்லை. உங்கள் செத்தவீட்டில்கூட, வந்தவர்களிடம், "நல்ல மனுசன். ஒருக்கா என்ரை பூசையைக் குழப்பினவர், நான் மன்னிச்சிட்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மன்னித்தாராம். அந்தக் கடைக்குட்டி தன் பிள்ளைகளோடு சிட்னியிலிருந்து வந்து, குசினியில் நின்று எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

போன கிழமைக் கதைக்கு வருகிறேன். மருமகன் அடுக்கிய சாமான்களுக்கு நடுவில் ஆணி அடிக்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. அதுவும் பார்க்கத் துவக்கு மாதிரித்தான். அதன் வாய்க்கு நேரே பேத்தி இருந்து பாடிக்கொண்டிருந்தாள். நான் பூசை நடுவில் எழும்பினேன். "அம்மா, அது ஓஃப்" என்றாள் மகள். "ஆர் பாத்தது?" என்று கேட்டேன். தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். ஓன் என்று காட்டுகிற பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது, உள்ளே ஆணி வரிசையாக நின்றது. பற்றறியைக் கழற்றினேன். மருமகனின் முகம் வெளிறிப்போனது. நான் இருந்து மிச்சப் பாட்டையும் பாடினேன். விரலில் சந்தனமும் எண்ணெயும் ஒட்டியிருந்தன, கழுவ மனம் வரவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பழக்கம்தான். கட்டிலில் உங்கள் பக்கம் வெறுமை என்று எல்லோரும் சொல்கிறார்கள், சின்னக் கட்டிலுக்கு மாறச் சொல்லி மகள் கரைச்சல் கொடுக்கிறாள். யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. விடியக் கண்விழித்ததும் கையை நீட்டித் தடவிப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் பார்ப்பேன்.