அடுப்பு மூலையில் கேட்டது

ஏனுங்க,

நம் மகன் அனுப்பிய படம் ஒன்று கைபேசியில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இத்தாலியில் ஏதோ ஒரு பழைய மலைக் கிராமம், அங்கே விலைக்கு வந்திருக்கும் ஒரு கல்வீடு. முதலில் பார்த்தபோது நம் வீடு என்றே நினைத்துவிட்டேன். நான்கு மூலைகளிலிருந்தும் எழும்பி உச்சியில் கூடும் அதே வளைவுக் கூரை, அதே தடித்த சுவர், அதே குட்டி ஜன்னல். இங்கே மலைமேல் அரவேணுவில் நம் தலைக்கு மேலே இருப்பதை யாரோ கழற்றிக்கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டார்களோ என்றிருந்தது.

"பாத்தீங்களாம்மா? அங்கயே வயசானவங்கெல்லாம் வித்துப்போட்டு டவுனுக்குப் போயிட்டாங்களாம். நீங்க ஒத்தையில இங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றான், போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது.

"அவங்க வித்தா நானும் விக்கோணுமா?" என்று சீறினேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், என் மனசு அதற்குள் பாதி கோயம்புத்தூருக்குப் போயிருந்தது. மூட்டு வலி விடுவதாயில்லை. மழைக்காலம் முழுக்கச் சுவர் வியர்க்கிறது. போன மாதம் ஒரு காட்டெருமை வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டு, பால் வாங்கக்கூடப் போகவிடவில்லை. சரி, விற்றுத் தொலைக்கலாம், ஆனால் வாங்குகிறவர்கள் கூரையில் கை வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மகன் என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான்.

இந்த வீட்டை நீங்கள் வாங்கியபோது ஊரே சிரித்தது நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைக் கிடங்கில் குடித்தனமா, பாலத்துக்கு அடியில் படுத்த மாதிரியல்லவா இருக்கும் என்றார்கள். இன்றைக்கும் கடைவீதியில் 'பாலத்தடி ஊடு' என்றால்தான் தெரியும். "பாலத்து மேல பஸ்ஸு போகும். எங்க மேல மேகந்தானே போகுது" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள். பத்திரத்தை என் பெயரில் எழுதியபோது உங்கள் அண்ணன் குதித்த குதி இருக்கிறதே! "அவ ஊட்ல நான் குடியிருக்கறேன், உங்களுக்கு என்னுங்க?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே, மகன் சொல்லி வைத்திருந்த புரோக்கர் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, "ஒரு கல்லக்கூடத் தொடமாட்டாங்கம்மா, நான் பொறுப்பு" என்றார். நான் டீ போட அடுப்பு மூலைக்குப் போனேன். அவரும் மகனும் எதிர்க்கோடியில் ஜன்னல் மூலைக்கு நகர்ந்து, எனக்கு முதுகு காட்டிக்கொண்டு குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள்.

"கூரைய எடுத்தாத்தானுங்க மேல காட்டேஜ் எழுப்ப முடியும்."

"அத அம்மா காதுல போட்றாதீங்க. கையெழுத்து ஆகட்டும்."

இரண்டாவது குரல் நம் மகனுடையது.

இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அதை எப்படி மறந்தான்? ஜன்னல் மூலையில் முணுமுணுத்தால் பேச்சு கூரை வளைவில் ஏறி, குறுக்கே எதிரிலிருக்கும் அடுப்பு மூலையில் வந்து இறங்கும். நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. குடிவந்த புதிதில் நாம் அதைக் கண்டுபிடித்ததே சண்டையில்தான். ஜன்னல் மூலையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கும் கொள்ளுப் பருப்பா?" என்று நீங்கள் சுவரிடம் அலுத்துக்கொண்டீர்கள். "பிடிக்காட்டிப் பட்டினி கெடங்க" என்று நான் சட்டிக்குள் முனகினேன். திடுக்கிட்டு நீங்கள் கூரையைப் பார்த்த முகம் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்புறம் உங்கள் அம்மா நடுவில் முறத்தோடு உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக என்னவெல்லாம் பேசியிருக்கிறோம்! "ரெண்டும் சொவத்தப் பாத்துச் சிரிக்குதுங்க, கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று அவர் பாவம் புலம்பிக்கொண்டே இருந்தார்.

உடம்பு முடியாமல் போனபோதும் கட்டிலை ஜன்னல் மூலையில்தான் போடச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எல்லோரும் கெஞ்சினோம். "அங்க நான் கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?" என்றீர்கள். குரலே எழும்பாத அந்த நாட்களில், "புள்ள, தண்ணி" என்று நீங்கள் உதட்டை அசைத்தால் போதும். நான் அடுப்படியில் இருந்து வந்துவிடுவேன். அந்தக் கூரையையா எடுப்பார்கள்?

நான் கத்தவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னேன்: "எனக்குக் கேக்குது, கண்ணு."

அங்கே அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புரோக்கர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, டீக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

"உங்க நல்லதுக்குத்தானம்மா" என்றான் மகன், தலையைக் குனிந்துகொண்டு.

"என் நல்லத எனக்குத் தெரியாம எதுக்குச் செய்யற? இடிக்கப் போறாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தீன்னா, அழுது தீத்துட்டாவது கையெழுத்துப் போட்டிருப்பேன். இனிப் போடமாட்டேன்."

"எத்தன நாளைக்கும்மா இப்படி?"

"உசுரு இருக்கற வரைக்கும். அப்பறம் உன் இஷ்டம்."

கோபித்துக்கொண்டு போனான். அவன் கெட்டவனில்லை, உங்களுக்கே தெரியும். இரண்டு நாள் கழித்து மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறான், பேசத்தான் மாட்டேன் என்கிறான். பேசும்போது பேசட்டும். எனக்கு இங்கே பயமில்லாமலும் இல்லை, சில நாள் அழுகையும் வருகிறது. அதற்காக? பயந்துகொண்டும் அழுதுகொண்டும் என் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன?

இன்று காலை, கேட்டில் அவன் கட்டிவைத்திருந்த 'விற்பனைக்கு' பலகையின் கயிற்றை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தேன். கோத்தகிரிப் பக்கம் போன கார் ஒன்று நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர் கேட்டார்: "ஏனுங்கம்மா, ஊடு விலைக்குங்களா?"

"இல்லீங்க. நாங்க குடியிருக்கறோம்" என்றேன்.

'நாங்க' என்றுதான் வாயில் வந்தது. நான் திருத்தவில்லை.