ஐந்தாவது கார்பன்

மார்ச் 3, திங்கள்
அக்கா கொடுத்த சேர்மத்தில் ஒருவழியாகப் படிகம் விழுந்தது. பக்கத்து ஆய்வகத்து சீனியர் அவள். கூடப் பிறந்தவள் இல்லை, சண்டை மட்டும் அப்படித்தான். வெளிர்மஞ்சள், ஊசி ஊசியாக. பன்னிரண்டை உடைத்துத் தொலைத்தேன், பதின்மூன்றாவது தேறியது. எக்ஸ்ரே கருவியில் ஏற்றிவிட்டேன். அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்கு, எந்த அணு எங்கே இருக்கிறது என்று காட்டும் இந்தப் படம் ஒன்றுதான் பாக்கி. இருபதாம் தேதி சமர்ப்பிக்கிறாள்.

மார்ச் 5
ஒரு பென்சீன் வளையம், அதில் மூன்று குழுக்கள். அவ்வளவுதான் மூலக்கூறு. அக்கா எழுதியிருக்கிறபடி குளோரின் நாலாவது கார்பனில் இருக்க வேண்டும். ஐந்தாவதில் உட்கார்ந்திருக்கிறது. நான்தான் எங்கோ சொதப்பியிருக்கிறேன்.

மார்ச் 7
வேறு படிகம். அதே ஐந்து.

மார்ச் 10
எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ முடிச்சிட்டுப் போகட்டும்மா. படம் இல்லாட்டியும் அத்தியாயம் நிக்கும்.”
நிற்கும்தான். தப்பாக நிற்கும். அதை நம்பி இன்னொருவர் அடுத்த வினையைத் தொடங்குவார். நான் வாயை மூடிக்கொள்ளலாமா?

மார்ச் 11
அக்காவிடம் சொல்லிவிட்டேன். நின்றபடியே கேட்டாள்.
“நாலு வருஷம்டி. உனக்கு ஒரே வாரத்துல தெரிஞ்சிடுச்சா?”
“நான் சொல்லலக்கா. படிகம் சொல்லுது.”
“படிகத்துக்கு வாய் இருக்கா? நீதானே சொல்றே?”
போய்விட்டாள். அதுவும் சரிதான் — நான்தான் சொன்னேன். சரியாத்தானேடி செஞ்சே?

மார்ச் 20
அக்கா சமர்ப்பிக்கவில்லை. பேராசிரியர் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார்.

ஏப்ரல் 16
மாடிப்படியில் அக்கா எதிரே வந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

ஜூன் 9
காலையில் அக்கா என் அறைக்கு வந்தாள். இந்த மூன்று மாதமும் வினையை முதலிலிருந்து செய்து பார்த்தாளாம். ஒவ்வொரு தடவையும் குளோரின் ஐந்தாவதுக்கே போகிறது. ஏன் போகிறது என்பதுதான் இனி அவளுடைய மூன்றாம் அத்தியாயம்.
புதிதாகச் செய்த சேர்மம் இருந்த ஒரு குப்பியை மேசைமேல் வைத்தாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் தேதி மட்டும் இருந்தது.
“பேர் எழுதலயாக்கா?”
“நீ பார்த்துச் சொல்லு. அப்புறம் எழுதிக்கறேன்.”
நாற்காலியை நுண்ணோக்கிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.