பொட்டு வைத்த பெட்டிகள்

30 செப்., செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. கோவளத்தில் கடல் தண்ணீர் எடுக்கும் நாள். குட்டியானை வண்டி முக்கால் மணி தாமதம். பன்னிரண்டு கேன். திரும்பும்போது கேம்ப் ரோட்டில் மாட்டி, ஒரு கேன் மூடி கழன்று துப்பட்டா முழுக்க உப்பு.

வாங்க: உயிர் இறால், வெள்ளை டேப், மார்க்கர், அம்மாவுக்குப் பொரி கடலை.

நாளை விடுமுறை என்பதால் கல்லூரியில் இன்றே ஆயுத பூஜை. நான் வந்தபோது மணி ஆறு, ஆய்வகம் பூட்டியாயிற்று. கேன்களை வாட்ச்மேன் அறையில் இறக்கிவிட்டு வீடு.

நாளை மூன்றாம் சுற்றுச் சோதனை. பத்தொன்பது கணவாய் மீன், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. முட்டையிலிருந்து வந்த வாரமே தனிப் பிளாஸ்டிக் பெட்டி, தனி எண். குச்சியை இறக்கினால் ஓடுகிறதா, நிற்கிறதா? இறாலைக் கண்டால் பாய்கிறதா, பதுங்குகிறதா? குஞ்சில் துணிச்சலாக இருந்தது வளர்ந்த பிறகும் அப்படியே இருக்குமா? என் முனைவர் பட்டமே இந்தக் கேள்விதான். நாலு வருஷம்.

1 அக்., புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

பத்தொன்பது பெட்டியும் பளபள. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். எண் எழுதின டேப் ஒன்றுகூட இல்லை.

ஆய்வக உதவியாளர் கௌரி அக்காவுக்கு போன் செய்தேன். பல்லாவரத்தில் வீட்டில் இருந்தார்.

"டேப்பெல்லாம் பிசுபிசுன்னு கெடந்துச்சும்மா. அழுக்கு மேலயா பொட்டு வெப்பாங்க? உரிச்சுட்டேன்."

"உள்ள இருந்ததை எங்கக்கா போட்டீங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணா பெரிய டப்புல வுட்டேன். கழுவினப்புறம் பொட்டிக்கு ஒண்ணா திரும்ப வுட்டாச்சு. ஒண்ணும் சாவல, வோணும்னா எண்ணிப் பாரு."

எண்ணினேன். பத்தொன்பது. எது எது என்பதுதான் தெரியவில்லை.

திட்ட வாய் வரவில்லை. "சரிக்கா" என்றேன். டேப்பில் எழுதின முட்டாள் நான்தானே.

3 அக்., வெள்ளி

மாலை மழை. என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"ஒவ்வொண்ணோட குணமும் உனக்கு அத்துப்படி. நின்னா பழைய தைரியசாலி, ஓடினா பழைய பயந்தாங்கொள்ளி. பாத்து நம்பரைப் போட்டுடும்மா. மார்ச்ல சப்மிட் பண்ண வேணாமா?"

"சரி சார்."

சரி சார்! குணம் மாறுகிறதா என்று கண்டுபிடிக்கத்தானே எண்ணே? குணத்தை வைத்து எண்ணைப் போட்டால் குணம் மாறவில்லை என்றுதான் விடை வரும். நானே எழுதி நானே கண்டுபிடிப்பேன். இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டின பிறகுதான் வாக்கியம் முழுசாக வந்தது.

அம்மா, தோசை ஊற்றிக்கொண்டே: "அஞ்சாங்கிளாஸ்ல டீச்சர் தப்பா மார்க் போட்டாங்கன்னு ஹெட்மாஸ்டர் ரூம் வரைக்கும் போனவடி நீ. இப்ப என்ன ஆச்சு உனக்கு?"

தட்டை நீட்டினேன். தோசை நன்றாக இருந்தது. எரிச்சல்.

6 அக்., திங்கள்

தலைவலி. கரண்ட் போய் வந்தது, காற்றுக் குழாய் இருபது நிமிஷம் நின்றது. உயிரெல்லாம் தப்பியது.

எண் போடாமல் சோதனை மட்டும் செய்தேன். மூன்றாவது பெட்டியில் இருப்பது குச்சியையே முறைக்கிறது. கௌரி அக்கா உடனே: "அது ஏழும்மா! ரௌடி. அத்த எனக்குத் தெரியாதா?"

நானும் அதையேதான் நினைத்தேன். குஞ்சிலேயே குச்சியைப் பிடித்து இழுத்தது ஏழு.

பிறகுதான் ஞாபகம் வந்தது, ஏழுக்கு இடது கண்ணில் வெள்ளைப் புள்ளி. டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது பெட்டிக்காரருக்குக் கண் சுத்தம். பதினாறாவது பெட்டியில், மணலுக்குள் கண் மட்டும் தெரியப் புதைந்து கிடந்தது புள்ளி. குச்சி நிழல் பட்டதுமே மை கக்கி ஓட்டம்.

அதுதான் ஏழு. அந்த ரௌடி.

"அய்யே, இதுவா? இன்னா இப்பிடி ஆயிட்ச்சு?" என்றார் அக்கா. சார் சொன்னபடி போட்டிருந்தால் ஏழு என்ற எண்ணை வேறொன்றுக்கு எழுதியிருப்பேன். பத்தொன்பதில் எத்தனை அப்படியோ. அழுகை வந்தது, அக்கா எதிரிலேயே.

10 அக்., வெள்ளி

சாரிடம் சொல்ல மூன்று முறை போனேன். ஒரு முறை போனில் இருந்தார், ஒரு முறை சாப்பாடு. மூன்றாவது முறை சும்மாதான் உட்கார்ந்திருந்தார், நான் திரும்பி வந்துவிட்டேன். தூ.

கடைசியில் சோதனை நோட்டில் எழுதினேன்: "அடையாளம் தொலைந்தது. ஏழு தவிர எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது." அவர் இல்லாத நேரம் மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். மை கக்காததுதான் குறை.

13 அக்., திங்கள்

நோட்டு திரும்பி வந்தது. என் வரி மேல் பென்சிலில் ஒரு கோடு. எண் கட்டங்களைச் சுற்றி வட்டம். "பூர்த்தி செய்யவும்."

செய்யவில்லை. கிழிக்கவும் இல்லை. பையில் வைத்துக்கொண்டு செம்பாக்கம் ஏரிக்கரையில் இரண்டு சுற்று நடந்தேன். கொசு.

14 அக்., செவ்வாய்

காலை பத்து. நான் உப்பு அளந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து கௌரி அக்கா: "இன்னாம்மா இது, ஏழோட பொட்டி சுவத்துல ஏதோ மணி மணியா ஒட்டிக்கினு கீது. தொடச்சுடட்டா?"

கையில் துணி. துணி தண்ணீருக்குள்.

"அக்கா! தொடாதீங்க!"

அப்படி ஒரு குரல் எனக்கு இருந்ததே மறந்து போயிருந்தது. அக்கா துணியைக் கீழே போட்டுவிட்டார். பார்த்தேன். முட்டை. எல்லாவற்றையும் டப்பில் ஒன்றாக விட்ட அந்த மதியத்தின் வேலை. பதினோரு முட்டை.

சார் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இவ்ளோ சத்தமா பேசுவியா நீ?"

"பேசுவேன் சார். அந்த நம்பரைப் போட மாட்டேன். முட்டையிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்."

"மார்ச்?"

"போகட்டும் சார்."

கதவை மூடிக்கொண்டார். நான் போய் மிச்ச உப்பை அளந்தேன்.

வாங்க: பதினோரு பெட்டி. டேப் வேண்டாம். பெட்டி மேலேயே எண்ணைக் கீற ஒரு தடி ஊசி.