நம் கிளைக்கு நீ வைத்த காது

மாபெரும் மரச்சிற்பி எவுசேபியோ அவர்களுக்கு,

நான் நலம். உன் நலத்தை ஓஹாகா நகரத்துக் கடைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

வண்ணம் வாங்கப் போயிருந்தேன். மலையிலிருந்து நாம் இருவரும் தூக்கி வந்த கொப்பால் மரக்கிளை அங்கே முயல் காதும் ஓணான் வாலுமாக நின்றது.

"என்ன மிருகம்க்கா இது?" என்று கடைக்காரியிடம் கேட்டேன்.

"செதுக்குன பையனோட கனவுல வந்துச்சாம் தம்பி. தொடாத."

"அவன் கனவுல சோள ரொட்டியத் தவிர ஒண்ணும் வராதுக்கா."

அவள் சிரித்தாள். நான் எடுத்துக் கவிழ்த்தே பார்த்தேன். அடிப்பக்கத்தில் உன் பெயர் மட்டும். இன்னொரு பெயருக்கு இடமில்லாதபடி பெரிதாக எழுதியிருக்கிறாய்.

கிளைக்குள் என்ன மிருகம் இருக்கிறது என்று இருவர் கண்ணுக்கும் தெரியும்வரை கத்தி வைக்கக் கூடாது என்பதுதானே பேச்சு? உன் வீட்டுக் கூரையடியில் அது காய்ந்த நாளெல்லாம் நான் வந்து திருப்பிப் போட்டேன். ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது, "பூச்சி அரிச்சிடுச்சுடா, அடுப்புல போட்டுட்டேன்" என்றாய். அழுதுவிடுவாயோ என்று பயந்து, உன் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வீடுவரை வந்தேன்.

பயப்படாதே, உன் அப்பாவிடம் சொல்ல மாட்டேன்.

அதற்குள் இருந்த மிருகம் எனக்கு மழைக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. உனக்கும் தெரியட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அது முயல் இல்லை. என்னவென்று இனி உனக்குச் சொல்லவும் மாட்டேன்.

இப்படிக்கு,
திங்கள்கிழமை முதல் வேறு பெஞ்சில் உட்காரப்போகிறவன்